மரத்துக்கும் டயருக்கும் நடுவே ஆய்வாளர் எங்கே?

பொறியியல் கலந்தாய்வில் கணினி சார்ந்த இடங்கள் முதல் சுற்றுகளிலேயே தீர்ந்துவிடுகின்றன. மென்பொருள் நிறுவனங்கள் ஆள் எடுப்பதைக் குறைத்துக்கொண்ட பிறகும் இந்த ஓட்டம் நிற்கவில்லை. இதே மாநிலத்தில் திருவொற்றியூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், அரக்கோணம், மதுரை என டயர் ஆலைகள் இரவும் பகலும் ஓடுகின்றன. தெற்கே குமரி மாவட்டத்தில் ரப்பர் மரங்கள் பால் தருகின்றன. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று வேலை செய்ய வேண்டிய ரப்பர், பாலிமர் ஆய்வாளரை வளர்த்தெடுக்கத்தான் நம்மிடம் உருப்படியான திட்டம் இல்லை.

இதைச் சிறு துறை ஒன்றின் குறை என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தியா ஆண்டுக்குச் சுமார் 14 லட்சம் டன் இயற்கை ரப்பரைப் பயன்படுத்துகிறது. உள்நாட்டு உற்பத்தி எட்டரை லட்சம் டன் அளவில்தான் இருக்கிறது. மீதியை இறக்குமதி செய்கிறோம்.

விலையின் போக்கு இன்னும் கலக்கம் தருவது. 2011-இல் கிலோ 240 ரூபாயை எட்டிய ரப்பர், 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே போனது. 2024 ஆகஸ்டில் மறுபடி 240 ரூபாயைத் தாண்டியது. குலசேகரத்திலோ திற்பரப்பிலோ இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர், விலை விழுந்தால் வெட்டுக்கூலி கட்டாது என்று மரத்தைச் சும்மா விட்டுவிடுகிறார். பால் வெட்டப் பழகிய கைகள் வேறு வேலைக்குப் போய்விடுகின்றன. விலை ஏறும்போது அவர்கள் திரும்பி வருவதில்லை.

பெட்ரோலியத்தால் ஈடுகட்ட முடியாதது

செயற்கை ரப்பர் வந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்கு ஆசியத் தோட்டங்களை ஜப்பான் பிடித்துக்கொண்டபோது, அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு நின்றுபோனது. அந்நாட்டு அரசு, போட்டி நிறுவனங்களையும் பல்கலைக்கழக வேதியியலாளர்களையும் ஒரே திட்டத்தில் சேர்த்து, சில ஆண்டுகளுக்குள் செயற்கை ரப்பரை லட்சக்கணக்கான டன் அளவில் தயாரித்தது. பயிற்சி பெற்ற வேதியியலாளர்கள் ஏற்கெனவே கையில் இருந்ததால்தான் அது நடந்தது.

அப்படியிருந்தும் இன்றைக்கும் லாரி டயருக்கும் விமான டயருக்கும் மரத்துப் பால்தான் வேண்டும். பெரும் சுமையோடு ஓடும்போது இயற்கை ரப்பர் குறைவாகவே சூடாகிறது, கிழிசலைத் தாங்குகிறது. இழுத்தால் அதன் நீண்ட மூலக்கூறுகள் வரிசைகட்டிப் படிகமாகி, கிழிய வேண்டிய இடத்திலேயே வலுப்பெறுகின்றன. பாலோடு வரும் சிறிதளவு புரதமும் கொழுப்புப் பொருள்களும் இதில் பங்கு வகிக்கின்றன. இதே மூலக்கூறைத் தொழிற்சாலையில் செய்துவிட்டார்கள். மரம் தருகிற தரத்துக்கு அது முழுதாக ஈடாகவில்லை. எப்படி ஈடாக்குவது என்பது இன்னும் தீராத ஆய்வுக் கேள்வி.

ஆய்வுக்கூடத்தில் ஒரு நாள்

இந்த வேலை எப்படி இருக்கும் என்று பெற்றோர் பலருக்கும் தெரியாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

டயர் கலவை ஒன்றின் குறிப்பு, நூறு பங்கு ரப்பர் என்று தொடங்கும். அதற்கு ஏறக்குறைய ஐம்பது பங்கு கார்பன் கரி, ஐந்து பங்கு துத்தநாக ஆக்சைடு, இரண்டு பங்கு ஸ்டியரிக் அமிலம், ஒன்றிரண்டு பங்கு கந்தகம், ஒரு பங்குக்கும் குறைவாக வினையை விரைவுபடுத்தும் ரசாயனம், ஓசோன் அரிக்காமல் காக்க இன்னொன்று. கரியை முதலில் அதிக வெப்பத்தில் கலக்க வேண்டும். கந்தகத்தைக் கடைசியில், சூடு தணிந்த பிறகு சேர்க்க வேண்டும். வரிசை மாறினால் கலவை இயந்திரத்துக்குள்ளேயே வெந்து இறுகிப்போகும். ஆலைக்காரர்கள் அதை ‘ஸ்கார்ச்’ என்பார்கள். அந்தத் தொகுதி முழுவதும் வீண்.

பிறகு அதில் ஒரு துண்டு, ரியோமீட்டர் என்ற கருவிக்குள் போகும். சூட்டில் கலவை முதலில் இளகும், பிறகு இறுகும். அந்த மாற்றம் திரையில் ஒரு வளைகோடாக ஏறும். கோடு எப்போது ஏறத் தொடங்குகிறது, தொண்ணூறு சதவீத இறுக்கத்தை எந்த நிமிடத்தில் தொடுகிறது என்று பார்த்துத்தான் அச்சுக்குள் டயர் எத்தனை நிமிடம் இருக்க வேண்டும் என்று முடிவாகிறது. ஒரு நிமிடம் குறைக்க முடிந்தால், ஆண்டு முழுவதும் அந்த ஆலைக்கு மிச்சமாகும் நேரமும் மின்சாரமும் கொஞ்சமல்ல.

இங்கேதான் மரத்தைத் தெரிந்த ஆள் தேவைப்படுகிறார். மரம் இலையுதிர்க்கும் காலத்துக்குப் பிறகு வரும் பாலின் குணம் வேறு. மழைக்காலத்துப் பாலின் குணம் வேறு. சிரட்டையில் உறைந்து கிடந்த ஒட்டுப்பாலிலிருந்து வரும் கட்டி ரப்பரும், ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ரோலரில் கொடுத்து, புகைபோட்ட ஷீட்டும் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்தால் இயற்கை ரப்பர் தானாகவே கடினமாகும். ஆலையில் கலவை சரியாக வரவில்லை என்றால் காரணம் இயந்திரத்தில் இருக்கலாம். மூன்று மாதத்துக்கு முன் யாரோ ஒருவர் தோட்டத்தில் சேர்த்த ஆசிட்டின் அளவிலும் இருக்கலாம். இரண்டையும் இணைத்துப் பார்க்கத் தெரிந்தவர் குறைவு. அப்படி ஒருவர் கிடைத்தால் எந்த ஆலையும் அவரை விடாது.

படித்தால் எங்கே போகலாம்?

சென்னை குரோம்பேட்டையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்ஐடி வளாகத்தில் ரப்பர், பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்கென்றே பி.டெக் படிப்பு இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் பாலிமர் அறிவியல் துறை இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் டிப்ளமோ சேர, கிண்டியில் 1968 முதல் இயங்கும் சிபெட் இருக்கிறது. அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் பாலிமர் ஆய்வுக்குப் பெயர் பெற்றது. வெளியே போனால் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், காரக்பூர் ஐஐடியின் ரப்பர் தொழில்நுட்ப மையம், புணேயின் தேசிய வேதியியல் ஆய்வகம். எம்.எஸ்சி. வேதியியல் படித்தவர்களுக்கும் இந்தக் கதவுகள் திறந்தவைதான். கேட் தேர்வின் பொறியியல் அறிவியல் தாளில் பாலிமர் ஒரு தனிப் பிரிவு என்பதே பல கல்லூரி மாணவர்களுக்குத் தெரிவதில்லை.

வேலை டயரோடு முடிவதில்லை. கார் ஒன்றின் கதவு விளிம்பு, எரிபொருள் குழாய், என்ஜினைத் தாங்கும் மெத்தை, பிரேக்கின் சீல் எல்லாம் ரப்பர். மதுரையிலும் கோவையிலும் இவற்றைச் செய்யும் சிறு, நடுத்தர ஆலைகள் நிறைய உண்டு. பிஎஸ்எல்வி ராக்கெட்டின் முதல் கட்டத்தில் திட எரிபொருளைப் பிணைத்து வைத்திருப்பது எச்டிபிபி என்ற செயற்கை ரப்பர். அது திருவனந்தபுரத்து விஞ்ஞானிகளின் பல ஆண்டு உழைப்பு. அதே ஊரின் ஸ்ரீசித்திரா நிறுவனம் உருவாக்கிய ரத்தப் பை பாலிமர் ஆராய்ச்சியின் பலன்.

1986-இல் சேலஞ்சர் விண்கலம் ஏழு பேரோடு வெடித்துச் சிதறியதற்கு, குளிரில் மீள்திறன் இழந்த ஒரு ரப்பர் வளையம் காரணமாக இருந்தது. ரப்பரைப் புரிந்துகொள்வது எத்தனை பொறுப்பான வேலை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஆனால் சேரும் மாணவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். தொழிற்சாலையில் முதல் சில ஆண்டுகள் சுலபமானவை அல்ல. ஷிப்ட் உண்டு, சூடு உண்டு, கரி உடையில் ஒட்டும். தொடக்கச் சம்பளம் மென்பொருள் நண்பனுடையதைவிடக் குறைவாகவே இருக்கக்கூடும். ஆனால் இங்கே அனுபவத்துக்கு மதிப்புக் கூடிக்கொண்டே போகும். பத்து ஆண்டு கலவை அனுபவம் உள்ளவரை, அமெரிக்காவின் அக்ரான் முதல் ஜெர்மனியின் ஹனோவர் வரை தேடுகிறார்கள். உள்ளூரிலேயே கலவை வடிவமைப்பு, கணினியில் டயர் மாதிரிகளைச் சோதித்தல், தரக் கட்டுப்பாடு, ரசாயன நிறுவனங்களின் தொழில்நுட்ப ஆலோசனை என்று வழிகள் பிரிகின்றன. கணினியில் ஆர்வம் உள்ளவரும் இங்கே இடம் தேடிக்கொள்ளலாம்.

கல்விக்கூடம் ஏன் தள்ளாடுகிறது?

கல்வித் துறையின் நிலைமைதான் கவலை தருகிறது. தேசியத் தகுதித் தேர்வில் வென்று ஆராய்ச்சிக்கு வரும் மாணவருக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை என்று 2023-இல் உயர்த்தப்பட்டது. தொகை மோசமில்லை. அது மாதாமாதம் வருவதில்லை என்பதுதான் ஆய்வு மாணவர்களின் நெடுநாள் குறை. வீட்டு வாடகைக்குக் கடன் வாங்கும் இளைஞரிடம் ஐந்து ஆண்டு பொறுமையாக மூலக்கூறுகளை ஆராயச் சொல்வது நியாயமாகாது.

முனைவர் பட்டம் பெற்ற பிறகு பேராசிரியர் பணியிடங்கள் சொற்பம். நிரந்தரப் பணியை எதிர்பார்த்துத் தற்காலிக விரிவுரையாளராகவே ஆண்டுகள் ஓடுகின்றன. ஆலைகளோ முனைவர் பட்டம் பெற்றவர் நடைமுறை தெரியாதவர் என்று தயங்குகின்றன. பல ஆய்வேடுகள் மரத்தையும் பார்க்காமல் ஆலையையும் பார்க்காமல், வாங்கிவந்த ரசாயனத்தை வைத்து முடிந்துபோகின்றன. இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. அதற்கு மாணவரைக் குறைசொல்லிப் பயனில்லை. ஆலைக்குள் அவருக்கு ஒரு மேசை கிடைக்கவில்லை.

தோட்டத்தில் நடக்கும் ஆராய்ச்சி

ரப்பர் ஆராய்ச்சி என்றால் வேதியியல் மட்டுமல்ல. ஆசியாவில் இன்று நிற்கும் ரப்பர் மரங்களில் பெரும்பாலானவை, 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோன விதைகளின் வழிவந்தவை. அங்கே முளைத்த நாற்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கு வந்தது. இத்தனை குறுகிய மரபணு அடித்தளத்தில் ஒரு கண்டத்தின் தொழிலே நிற்கிறது. தென் அமெரிக்க இலைக்கருகல் நோய் இங்கே நுழைந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. 2016 முதல் இந்தோனேசியாவில் பரவிய பெஸ்டலோஷியாப்சிஸ் இலையுதிர் நோய் மலேசியா, தாய்லாந்து, இலங்கை வரை வந்துவிட்டது.

இதற்கு விடை தேட வேண்டியவர்கள் தாவர இனவிருத்தி படித்தவர்களும் மரபணு ஆய்வாளர்களும்தான். 1955-இல் தொடங்கிய கோட்டயம் இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ஆர்ஆர்ஐஐ 105 என்ற ஒரே ரகம், கேரளத்திலும் குமரியிலும் சிறு விவசாயிகளின் வருமானத்தை மாற்றிக் காட்டியது. குளிரையும் வறட்சியையும் தாங்கும்படி மரபணு மாற்றிய ரப்பர் கன்றை அதே நிறுவனம் 2021-இல் அசாமில் சோதனைக்காக நட்டது. உலகிலேயே அதுதான் முதல். ஒரு ரகத்தைத் தேர்ந்து உறுதிசெய்ய இருபது ஆண்டுக்கும் மேல் ஆகும். இன்று 25 வயதில் ஓர் ஆய்வாளரைச் சேர்க்காவிட்டால், 2050-இன் விவசாயிக்குப் புது ரகம் கிடைக்காது.

தமிழ்நாட்டிடம் இதற்கென்றே ஒரு பெரிய வாய்ப்பு இருக்கிறது. கீரிப்பாறை, சிற்றாறு, கோதையாறு, மணலோடை எனப் பரந்து கிடக்கும் அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வாழ்வு தந்தவை. இரண்டு பருவமழையும் பெறும் மண் அது. கூலிக்காக அங்கே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்யும்போது மட்டும் அந்தத் தோட்டங்கள் செய்தியாகின்றன. ஆராய்ச்சி மாணவர்களின் பெயர்ப் பலகையும் அங்கே தொங்க வேண்டும்.

ஆள் தேடும் கேள்விகள்

புதிய சிக்கல்கள் வரிசையில் நிற்கின்றன. டயரில் விரிசல் விழாமல் காக்க உலகம் முழுவதும் சேர்க்கப்படும் 6பிபிடி என்ற ரசாயனம், ஓசோனோடு வினைபுரிந்து நச்சுப் பொருளாகி, மழைநீரோடு ஆற்றில் கலந்து கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2020-இல் கண்டறிந்தார்கள். மாற்று ஒன்றை எல்லா டயர் நிறுவனங்களும் தேடுகின்றன. கண்டுபிடிப்பவர் காரைக்குடி மாணவியாகவும் இருக்கலாம்.

மின்வாகனங்கள் பேட்டரியால் எடை கூடியவை. எடுத்த எடுப்பிலேயே முழு விசையும் சக்கரத்துக்கு வருவதால் டயர் சீக்கிரம் தேய்கிறது. ஐரோப்பாவின் யூரோ 7 விதி டயர் தேய்மானத்துக்கே வரம்பு வைக்கிறது. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மின்வாகனம் செய்யும் மாநிலத்துக்கு இது வெளியூர்ச் சேதி ஆகாது.

காடழித்த நிலத்திலிருந்து வந்த ரப்பரை ஏற்கமாட்டோம் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 சட்டம் தள்ளித் தள்ளிப் போடப்பட்டாலும், என்றாவது நடைமுறைக்கு வரும். அப்போது குமரியின் அரை ஏக்கர் தோட்டத்துக்கும் இருப்பிடச் சான்று வேண்டும். பழைய டயருக்கு அதைச் செய்தவரே பொறுப்பு என்று இந்தியாவில் 2022-இல் விதி வந்துவிட்டது. வெந்து இறுகிய ரப்பரை மறுபடி இளக்கிப் பயன்படுத்தும் நல்ல வழி இல்லாததால், பழைய டயரைச் சூடாக்கி எண்ணெய் எடுக்கும் சூளைகளின் புகையை ஊர்மக்கள் சுவாசிக்கிறார்கள்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, அரசு ரப்பர் கழகத்தின் தோட்டம் ஒன்றை ஆராய்ச்சித் தோட்டமாக அறிவித்து, அண்ணா பல்கலைக்கழகம், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், கோட்டயம் ஆராய்ச்சி நிறுவனம் மூன்றோடும் ஒப்பந்தம் செய்ய வேண்டும். மாணவர் தங்க விடுதியும் அடிப்படைச் சோதனைக் கருவிகளும் இருந்தால் தொடங்கிவிடலாம். நாகர்கோவில் பகுதியின் பாலிடெக்னிக்குகளிலும் கலைக் கல்லூரிகளின் வேதியியல் துறைகளிலும் ரப்பர் தொழில்நுட்பத்தை விருப்பப் பாடமாக வைக்கலாம். பால் வெட்டும் தொழிலாளியின் பிள்ளைக்கு அந்தப் படிப்பில் கட்டணம் இருக்கக் கூடாது.

டயர் நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. வடகிழக்கு மாநிலங்களில் இரண்டு லட்சம் ஹெக்டேரில் ரப்பர் நடுவதற்கு நான்கு பெரிய நிறுவனங்கள் சேர்ந்து 1,100 கோடி ரூபாய் ஒதுக்கியது நல்ல செய்தி. அதில் சிறு பகுதிக்கு ஈடான தொகையை ஆய்வு மாணவர்களுக்கு ஒதுக்கினால்கூட, பத்து ஆண்டுகளில் ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் உருவாகிவிடுவார்கள். முனைவர் பட்ட மாணவர் பாதிக் காலம் ஆலையிலும் பாதிக் காலம் பல்கலைக்கழகத்திலும் இருக்கட்டும். ஆய்வுத் தலைப்பை ஆலையும் பேராசிரியரும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

மதுரையின் சிறு ரப்பர் ஆலைகளால் விலையுயர்ந்த சோதனைக் கருவிகளை வாங்க முடியாது. மாநிலச் சிறுதொழில் துறை அங்கே ஒரு பொதுச் சோதனைக்கூடம் அமைத்தால், ஆலைகளுக்கு உதவியும் பட்டதாரிகளுக்கு வேலையும் ஒருசேரக் கிடைக்கும். உதவித்தொகை எந்தத் தேதியில் வரும் என்று ஆய்வு மாணவருக்குத் தெரியும்படி மத்திய அரசு விதி செய்ய வேண்டும். தாமதமானால் வட்டியோடு தர வேண்டும்.

மாணவர்களுக்கு ஒன்று. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். கலவை உருளை ஓடுகிறதா, ரியோமீட்டர் இருக்கிறதா, அதில் மாணவர் கை வைக்க விடுகிறார்களா, கடைசி ஆண்டில் எந்த ஆலையில் பயிற்சி என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் சேராதீர்கள். எம்.எஸ்சி. படிப்பவர்கள் ஒரு விடுமுறையைக் கோட்டயத்தில் உள்ள ரப்பர் பயிற்சி நிறுவனத்தின் குறுகிய காலப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். வேதியியலில் ஆர்வம் உள்ள பிள்ளையைக் கணினிப் பிரிவுக்குத் தள்ளுவதற்கு முன், ஸ்ரீபெரும்புதூரிலோ மதுரையிலோ டயர் ஆலையில் வேலை பார்க்கும் பொறியாளர் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசுங்கள். அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே குமரி ஆராய்ச்சித் தோட்டத்துக்கு நிதி ஒதுக்கித் தமிழ்நாடு அரசு இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.